வேலியா? விலங்கா?

“போகிறேன்.”

“போகக் கூடாது!”

“என் கால், என் நடை. தடுக்க நீ யார்?”

“உன் காலா? உனக்குச் சோறு போட்டது யார்? பந்து உதைக்கக் கற்றுக் கொடுத்தது யார்? ஊரறிய, உலகறிய உன்னை ஆளாக்கியது யார்? அந்தக் கால் உன் உடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். உரிமை எம்முடையது!”

நாடகக் காட்சி அன்று இது. பண்ணையாரும் பண்ணையாளும் வரப்பின் மீது நின்று பேசியது என்று எண்ணிவிடவும் வேண்டாம். கோடிக்கணக்கான மக்கள் கைகொட்டி மகிழும் கால்பந்தாட்டத்தின் திரைமறைவில், நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கின் சாரம் இது. வாதி, ஆட்டக்காரன். பிரதிவாதி, ஓரிடத்தில் அரசு. மற்றோரிடத்தில் பணம் போட்ட முதலாளி. பிறிதோரிடத்தில் இருவரும் கைகோத்த கூட்டணி. வழக்கின் பொருள், இரண்டு கால்கள்!

விளையாட்டுக்கும் தத்துவத்துக்கும் என்ன உறவு என்று புருவத்தை நெரிப்பவர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வோம்: பந்தாட்டக்காரன் வானத்திலிருந்து குதித்தவன் அல்லன், உழைத்து ஊதியம் பெறுபவன். தச்சன் கைத்திறனை விற்கிறான். இவன் கால்திறனை விற்கிறான். தச்சனுக்கு அறுபது வயதிலும் கை ஓடும். ஆட்டக்காரனுக்கோ முப்பத்தைந்துக்குள் கதை முடிந்துவிடும். முழங்கால் முறிந்தால் இருபத்தைந்திலேயே முடிந்துவிடும். அப்படிப்பட்டவனை இரண்டாண்டு முடக்கிப் போட்டால், அவனுடைய தொழில்வாழ்வில் ஐந்திலொரு பங்கைப் பறித்ததாகவே பொருள். தனி மனிதனின் உரிமை எதுவரை, அரசின் ஆணை எதுவரை என்ற பழங்கேள்வியை, எல்லைக்கோட்டைத் தாண்டப் புறப்பட்ட இந்த ஆட்டக்காரனின் காலடிச் சுவட்டைப் பின்பற்றிச் சென்று ஆராய்வோம்.

* * *

1953ஆம் ஆண்டு, நவம்பர் 25. லண்டன் நகரத்து வெம்ப்ளி அரங்கம். பந்தாட்டத்தின் தாய்வீடு எமது நாடே என்று மார்தட்டிக்கொண்டிருந்த இங்கிலாந்தை, அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என்று வென்றது ஹங்கேரி. ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்த எந்த நாடும் அதற்கு முன் அங்கே வென்றதில்லை. அந்த அணியின் தலைவர் பெரென்ட்ஸ் புஷ்காஷ். குட்டை உருவம், சற்றே பருத்த உடல். ஆனால் அந்த இடது கால் இருக்கிறதே, அது பந்தைத் தொட்டால் எதிரணியின் காவலர்கள் கதிகலங்கி நிற்பர்!

அவர் ஆடிவந்த கழகத்தை 1949இல் ஹங்கேரி அரசு எடுத்துக்கொண்டது. படைத்துறையின் கழகமாக்கி, ‘ஹொன்வேத்’ என்று பெயரும் சூட்டியது. ஆட்டக்காரர்களுக்குப் படைப்பட்டங்கள் வழங்கப்பட்டன. புஷ்காஷ் மேஜர் ஆனார். பந்துக்களம் அன்றிப் போர்க்களம் காணாத மேஜர்! பட்டம் வேடிக்கையாகத் தோன்றலாம். அதன் உட்பொருள் வேடிக்கையானதன்று. குடிமகன் ஊரைவிட்டுப் போனால் அவன் பயணி. படைவீரன் ஆணையின்றிப் போனால் அவன் ஓடுகாலி!

1956 அக்டோபரில் ஹங்கேரி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் வீதிகளில் உருண்டன. அப்போது ஹொன்வேத் அணி, ஐரோப்பியக் கோப்பைக்காக வெளிநாட்டில் இருந்தது. ஸ்பெயினின் பில்பாவோ நகரத்தில் முதல் ஆட்டம் ஆடியது. மறு ஆட்டத்தைத் தன் ஊரில் ஆட வழியின்றி, பிரசெல்ஸ் நகரத்தில் ஆடி, இரு ஆட்டங்களின் கூட்டுக்கணக்கில் தோற்று வெளியேறியது. ஊர் திரும்பு என்றது ஹங்கேரியின் பந்தாட்டத் தலைமை. திரும்பவில்லை அணி, பிரேசிலுக்குச் சென்று ஆடியது. அதன்பின் பலர் நாடு திரும்பினர். புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர் ஆகிய மூவரும் மேற்கு ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டனர்.

இனி நடந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஹங்கேரி அரசின் சட்டம் ஹங்கேரியின் எல்லையோடு நின்றுவிடும். எல்லைக்கு வெளியே அந்த ஆட்டக்காரரைத் தொடும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆனால், சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்தில் அமர்ந்திருந்ததே உலகக் கால்பந்துத் தலைமையகமான ஃபிஃபா, அதற்கு எல்லை ஏது? அஃது எந்த நாட்டு மக்களும் வாக்களித்து அமைத்த ஆட்சி அன்று, தனியார் அமைப்பு. அந்த அமைப்பு தன் நீண்ட கரத்தை ஹங்கேரிக்கு இரவல் தந்தது. புஷ்காஷுக்குத் தடை! ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர் எந்தக் கழகத்துக்கும் ஆட முடியவில்லை. கம்யூனிஸ்டு அரசும், முதலாளி நாட்டுத் தனியார் அமைப்பும், கொள்கையில் எதிரும் புதிருமாக நின்றவை, ஆட்டக்காரனின் காலைப் பிடிப்பதில் மட்டும் ஒன்றுபட்டன!

1958இல் தன் 31ஆம் வயதில், உடல் பருத்த நிலையில், மாட்ரிட் நகரத்தின் ரியல் கழகத்தில் சேர்ந்தார் புஷ்காஷ். முடிந்த கதை என்றனர் பலர். 1960இல் கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பிராங்பர்ட் கழகத்தை ரியல் மாட்ரிட் 7-3 என்று வென்றது. அந்த ஏழில் நான்கு, ‘முடிந்த கதை’ போட்டது! தடைக்கு வழி செய்த நாடு 1981இல் அவரை வரவேற்றது. 2002இல் தன் பேரரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2006இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தது. மாலைகளுக்குக் குறைவில்லை. பறித்த ஒன்றரை ஆண்டை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை, தரவும் இயலாது.

புஷ்காஷ் பிழைத்தார். பிழைக்காதவரும் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் இரகசியப் போலீசுத் தலைவர் எரிச் மீல்கே சீராட்டி வளர்த்த கழகம், கிழக்கு பெர்லினின் டைனமோ. அதில் ஆடிய லூட்ஸ் ஐகன்டார்ஃப், 1979 மார்ச்சு மாதம் மேற்கு ஜெர்மனிக்கு ஆடச் சென்ற இடத்தில், அணியைவிட்டு நழுவி அங்கேயே தங்கினார். அவருக்கு ஓராண்டுத் தடை. ஊரில் இருந்த குடும்பத்தின்மீது ஒற்றர் கண். 1983 மார்ச்சில், மேற்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் கார் மரத்தில் மோதி அவர் இறந்தார். அந்த அரசு கவிழ்ந்து ஏடுகள் வெளிவந்தபோது, அவரை எத்தனை ஒற்றர்கள் நிழல்போல் தொடர்ந்தனர் என்பது தெரிந்தது. கொலை என்று எந்த மன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால், பந்து உதைப்பவன் ஒருவன் ஊர் மாறியதற்காக ஓர் அரசு இத்தனை ஒற்றர்களை ஏவியதே, அஃது ஒன்றே போதாதா, அந்த அரசின் நெஞ்சத்தை அளந்து பார்க்க!

* * *

இத்தகைய அரசுகள் தம் பக்கத்து நியாயம் என்று ஒன்றைச் சொல்வதுண்டு. மக்களின் வரிப்பணத்தில் பயிற்சி கொடுத்தோம். பலன் தரும் பருவத்தில் பறந்துபோவதா என்பது அந்த நியாயம். எடுத்த எடுப்பில் தள்ளிவிடத்தக்க வாதமன்று இது. மருத்துவனை ஆக்குவதும், பொறியாளனை ஆக்குவதும் பொதுப்பணமே. ஏழை நாடு வளர்க்கும், செல்வ நாடு கொள்ளும் என்றால் நெஞ்சு பொறுக்கவில்லைதான்.

ஆனால் நாம் கேட்கிறோம்: கடன் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள். சொன்னால், வாங்குகிற கழகம் கொடுத்துத் தீர்க்கட்டும். அதற்கு வழியும் இல்லாமலில்லை. 2001இல் ஐரோப்பிய ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஃபிஃபா வகுத்த விதியில், 23 வயதுவரை கழகம் மாறும் ஆட்டக்காரனுக்குப் பயிற்சி கொடுத்த கழகங்களுக்கு இழப்பீடு உண்டு. ஒப்பந்தக் காலத்தில் விலை பேசி ஆட்டக்காரன் நாடுவிட்டு நாடு மாறினால், அந்த விலையில் நூற்றுக்கு 5 பங்கு, அவனை இளமையில் வளர்த்த கழகங்களுக்குப் போய்ச் சேரும். ஆப்பிரிக்கச் சிற்றூர்க் கழகமும் அதில் பங்கு கேட்கலாம். கணக்கு உண்டு, கணக்கு முடிந்தால் விடுதலை உண்டு. கணக்கே முடியாத கடனுக்கு, மொழியில் வேறு பெயர் இருக்கிறது: கொத்தடிமை!

அன்பினாலும் விலங்கு பூட்டலாம். 1961இல் பிரேசில் நாட்டுத் தலைவர் ஜானியோ குவாட்ரோஸ், ஆட்டக்காரர் பெலேயை நாட்டின் செல்வம் என்று கூறி, வெளிநாட்டுக் கழகங்கள் கொண்டுசெல்லாதபடி தடுத்தார் என்பர். செல்வம்! எவ்வளவு இனிய சொல்! ஆனால் செல்வத்துக்கு வாய் கிடையாது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். மனிதனைச் செல்வம் என்று புகழும்போதே, அவனைப் பொருளாக்கிவிடும் சூழ்ச்சியும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பெலே வெளிநாட்டுக் கழகத்தில் சேர்ந்தது 1975இல்தான். நியூயார்க் நகரத்தில், ஆட்ட வாழ்வின் அந்திப்பொழுதில். அதே பெலே பின்னர் விளையாட்டுத்துறை அமைச்சரானார். 1998இல் அவர் பெயராலேயே வழங்கும் சட்டம் நிறைவேறியது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரனைக் கழகத்தோடு பிணைத்திருந்த ‘பாஸ்ஸெ’ என்ற உரிமைச்சீட்டை ஒழிக்க வழி வகுத்த சட்டம் அது. விலங்கு எங்கே அழுத்தும் என்பதைப் பூட்டிக்கொண்டவனே நன்கறிவான்!

* * *

இதுவரை படித்துவிட்டு, “ஆகா! தெரிந்துவிட்டது. அரசுதான் கொடுங்கோலன், அரசு விலகி நின்றால், தனியார் துறையில் மனிதன் சிறகடித்துப் பறப்பான்” என்று துள்ளிக் குதிக்கும் நண்பர்களும் இருக்கக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். தனியார் ஆண்ட இங்கிலாந்துக்கும் போய்ப் பார்ப்போம்.

அங்கே டாங்கி இல்லை, ஒற்றன் இல்லை, படைப்பட்டம் இல்லை. கழகங்கள் தனியார் சொத்து. ஆனால் 1890களிலிருந்து கழகங்கள் தமக்குள் ஒரு விதி செய்துகொண்டன. ஆட்டக்காரனின் ஒப்பந்தம் முடிந்தாலும், கழகம் விரும்பினால் அவனைத் ‘தக்கவைத்து’க் கொள்ளலாம். ஊதியம் கொடுத்தா? வேண்டுவதில்லை! புதிய ஒப்பந்தத்துக்கு அவன் கையெழுத்திடாவிட்டால் சம்பளமும் கிடையாது, வேறு கழகத்தில் ஆடவும் முடியாது. அதற்கு மேல், 1901 முதல் 1961 வரை, உச்ச ஊதியத்துக்கு ஒரு வரம்பு. 4 பவுனில் தொடங்கி, ஒழிக்கப்பட்டபோது வாரம் 20 பவுன். பல்லாயிரம் பேர் சீட்டு வாங்கி வந்து பார்க்கும் வித்தைக்காரனுக்கு, முதலாளிகள் கூடிக் கட்டிய கூலி!

1960இல் நியூகாசில் கழகத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்டம், இனி இங்கே ஆடமாட்டேன் என்றார். விடமாட்டோம் என்றது கழகம். ஆட்டத்தைவிட்டு விலகித் தக்கை விற்கும் வேலைக்குப் போனார், நாடறிந்த அந்த ஆட்டக்காரர். அவ்வாண்டின் பிற்பகுதியில் லண்டனின் ஆர்சனல் கழகத்துக்கு விடுவிக்கப்பட்ட பிறகும் அவர் ஓயவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது, பிறர் எக்கேடு கெட்டால் என்ன என்று இருந்துவிடவில்லை. தொழிற்சங்கம் துணைநிற்க வழக்காடினார். 1963இல் தீர்ப்பு வந்தது: தக்கவைக்கும் விதி, ஒருவன் தொழில் செய்வதற்கு இடப்பட்ட நியாயமற்ற தடை! தீர்ப்பளித்த நீதிபதியின் பெயர் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வாணிகத்தை ஒழிக்க ஆங்கில மன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்சின் வழித்தோன்றல் அவர். வரலாறு சில நேரங்களில் பொருத்தமான ஆளைப் பொருத்தமான நாற்காலியில் அமர்த்திவிடுகிறது!

கடல் கடந்து தப்ப முயன்றவர்களும் உண்டு. 1949 முதல் சில ஆண்டுகள், கொலம்பியா நாட்டுக் கழகங்கள் ஃபிஃபாவின் கட்டுக்கு வெளியே நின்று, ஆட்டக்காரரின் பழைய கழகத்துக்குக் காசு கொடுக்காமல், ஆட்டக்காரருக்கே வாரிக் கொடுத்தன. அர்ஜென்டினாவில் ஊதிய உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தவர்களுள் டி ஸ்டெஃபானோ அங்கே சென்றார். இங்கிலாந்தின் நீல் பிராங்க்ளினும் 1950இல் சென்றார், மனம் ஒப்பாமல் விரைவிலேயே திரும்பிவந்தார், தண்டனை பெற்றார், அதன்பின் நாட்டு அணியில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. 1951இல் லிமா நகரத்தில் ஓர் உடன்பாடு செய்து, அந்த ஆட்டக்காரர்களை 1954க்குள் அவரவர் கழகத்துக்குத் திருப்பி அனுப்புவது என்று முடிவு கட்டினர். திருப்பி அனுப்புதல்! இரவல் வாங்கிய ஏர்மாட்டைத் திருப்பி அனுப்புவதற்கும் இதற்கும், சொல்லில்கூட வேறுபாடு காணோம்!

* * *

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக், தனி மனித உரிமைக்கு வாதாட 1974இல் எழுதிய நூலில் ஒரு விளையாட்டு வீரரையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். கால்பந்தன்று, கூடைப்பந்து, வீரர் வில்ட் சேம்பர்லின். அவர் ஆடுவதைக் காணப் பத்து இலட்சம் பேர் விரும்பி வருகின்றனர்; ஒவ்வொருவரும் கால் டாலரை அவருக்கென்று மனமுவந்து தருகின்றனர்; இரண்டரை இலட்சம் டாலர் சேர்கிறது. மனமொப்பிக் கொடுத்ததை மனமொப்பிப் பெற்றான். இதில் அரசு வரி என்று கைநீட்டுவது எந்த நியாயம்? உழைப்பின் பயனை வரியாகப் பறிப்பது, கட்டாய உழைப்புக்கு ஒப்பானதன்றோ? இது நோசிக்கின் கேள்வி.

கூர்மையான கேள்வி, மறுக்கவில்லை நாம். ஆனால் ஏட்டில் இருந்த சேம்பர்லினைவிட்டு, நாட்டில் இருந்த சேம்பர்லினைப் பாருங்கள். நூல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 1973இல், அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கழகத்தைவிட்டு, போட்டி அமைப்பைச் சேர்ந்த ஓர் அணிக்குச் சென்றார். ஒப்பந்தப்படி இன்னும் ஓராண்டு எமக்கு உரியது என்று பழைய கழகம் வழக்காடியது. விளைவு? பயிற்சியாளராகக் களத்தின் ஓரத்தில் நிற்கலாம், ஆடக்கூடாது! கால் டாலருடன் பத்து இலட்சம் பேர் வந்து நின்றாலும் ஆடியிருக்க முடியாது. அவரைத் தடுத்து நிறுத்தியது வரி அதிகாரி அல்லர், முதலாளியின் ஒப்பந்தச்சீட்டு. வாசலில் நின்ற வரிக்காரனைக் கண்ட தத்துவவாதி, வீட்டுக்குள் அமர்ந்திருந்த உடைமைக்காரனைக் காணத் தவறிவிட்டார்!

நாம் சொல்ல வந்ததன் மையம் இதுதான். ‘தனி மனிதனா, அரசா?’ என்று இருவரை மட்டும் களத்தில் இறக்கிவிட்டு வாதிடுவது அரைகுறைக் கணக்கு. மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான். அவன் அரசின் கொடி பிடிப்பதில்லை. அரசைப் போலவே ஆணை பிறப்பிப்பான். வாக்குக் கேட்டு வருவதில்லை, வாழ்வைத் தீர்மானிப்பான். அரசை விரட்டிவிட்டால் தனி மனிதன் அரியணை ஏறுவான் என்று எண்ணுகிறோம். ஏறுவது பெரும்பாலும் அந்த மூன்றாமவனே!

* * *

அந்த மூன்றாமவனை வீழ்த்தியது யார்? பெல்ஜியம் நாட்டு ழான் மார்க் போஸ்மான் வரலாறு விடை சொல்லும். நடுத்தர ஆட்டக்காரர், லியேஜ் நகரக் கழகத்தைச் சேர்ந்தவர். 1990 ஜூன் மாதம் ஒப்பந்தம் முடிந்தது. மாதம் 1,20,000 பிராங்கு பெற்றுவந்தவருக்கு, இனி 30,000 தருகிறோம் என்றது கழகம். மறுத்தார், பிரான்சு நாட்டின் டன்கிர்க் கழகத்துக்குப் போக முனைந்தார். அப்போது, அவரைப் பயிற்றுவித்ததற்கு இழப்பீடு என்று, விதிப்படி குறிக்கப்பட்ட தொகை என்ன தெரியுமா? 1,17,43,000 பிராங்கு! ஊதியம் கொடுக்கும்போது அவர் மதிப்பு நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. விற்கும்போது அதே மனிதரின் மதிப்பு கோடியைத் தாண்டிவிட்டது!

டன்கிர்க் கழகத்தால் பணம் தர இயலுமா என்ற ஐயத்தால், மாற்றுச் சான்றிதழுக்கு லியேஜ் கழகம் விண்ணப்பிக்கவில்லை. பயணம் நின்றது, போஸ்மான் ஆடவும் தடுக்கப்பட்டார். நீதிமன்றம் ஏறினார். ஐந்தாண்டு இழுத்தது வழக்கு. 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன்படிக்கை நாட்டுக் குடிமகன், ஒப்பந்தம் முடிந்தபின் வேறொரு உறுப்பு நாட்டுக் கழகத்துக்குச் செல்ல எவனுக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்நாட்டுக் குடிமக்களை அயலார் என்று எண்ணி ஒதுக்கும் விதியும் செல்லாது. தொழிலாளி எல்லை தாண்டிச் சென்று உழைக்கலாம் என்ற பொது உரிமை, பந்தாட்டக்காரனுக்கும் உண்டு!

யார் அளித்த உரிமை அது? அரசுகள் கூடிச் செய்த உடன்படிக்கை. யார் அமைத்த மன்றம்? அரசுகள் அமைத்த மன்றம். புஷ்காஷின் காலைப் பிடித்ததும் அரசு. போஸ்மானின் காலை விடுவித்ததும் அரசுகள் ஆக்கிய சட்டம்! அண்மையில், 2024 அக்டோபரில், லசானா தியாரா தொடுத்த வழக்கிலும் அதே மன்றம், ஒப்பந்தத்தை முறித்ததாகக் கூறப்படும் ஆட்டக்காரனை வேறெவரும் அமர்த்தத் துணியாதபடி மிரட்டிய ஃபிஃபாவின் சில விதிகள் சட்டத்துக்கு முரணானவை என்று கூறியது. சட்டம் தன் வேலையை இன்னும் முடித்துவிடவில்லை.

போஸ்மானுக்குப் பெருஞ்செல்வம் வந்து குவியவில்லை. தீர்ப்பு வந்தபோது அவருக்கு வயது 31; ஆட்ட நாட்கள் நீதிமன்றப் படிக்கட்டிலேயே கழிந்துவிட்டன. அவர் வெட்டிய பாதையில் நடந்தவர்கள் கோடிகளைக் குவித்தனர். அந்தப் பாதையால் கேடே விளையவில்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். 1995இல் ஐரோப்பாவின் வாகையரான ஆம்ஸ்டர்டாம் நகரத்து அயாக்ஸ் கழகம், தானே வளர்த்த இளைஞர்களைச் சில ஆண்டுகளில் செல்வக் கழகங்களிடம் இழந்தது. அந்தக் கோப்பையை அது பின்னர் வென்றதில்லை. ஆனால், சிறிய கழகம் வாழ வேண்டுமென்றால், பெரிய கழகத்தின் வருவாயைப் பங்கிடச் சொல்லுங்கள். ஏழைக் கழகத்துக்கு உதவ, ஆட்டக்காரனின் காலை ஈடாக வைப்பானேன்?

* * *

கத்தார் நாட்டில் ஜாஹிர் பெலூனிஸ் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர், ஊதியப் பாக்கிக்காகத் தம் கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அந்நாட்டை விட்டு வெளியேற, வேலை கொடுத்தவனின் இசைவு வேண்டும் என்பது அக்காலச் சட்டம். இசைவு கிடைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் சிக்கித் தவித்து, 2013 நவம்பரில்தான் மனைவி மக்களுடன் ஊர் திரும்பினார். பேரும் புகழும் உள்ள பந்தாட்டக்காரனுக்கே இந்த நிலை. 2022 உலகக் கோப்பைக்கு அரங்கு கட்ட, நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சென்ற கட்டடத் தொழிலாளியின் நிலை என்ன? அவனும் அதே இசைவுச் சீட்டுக்குக் கைகட்டி நின்றவனே. அவனுக்காகப் பத்திரிகைகள் அவ்வளவு எளிதில் கூக்குரலிடுவதில்லை. அவன் பந்து உதைப்பவன் அல்லனே! பன்னாட்டுக் கண்டனம் வலுத்தபின், 2018இலும் 2020இலும் அந்த வெளியேற்றச் சீட்டுமுறை படிப்படியாகப் பெரும்பாலோருக்கு நீக்கப்பட்டது. ஆட்டக்காரனுக்கும் கொத்தனாருக்கும் விலங்கு ஒன்று, விடுதலையும் ஒன்றே.

இதற்கு மறுபுறமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கச் சிறுவர்களிடம், ஐரோப்பியக் கழகத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று ஆசை காட்டி, பெற்றோர் நிலத்தை விற்றுக் கொடுத்த பணத்தைப் பறித்துக்கொண்டு, பாரிசு நகரத்தில் நடுத்தெருவில் விட்டுவிடும் தரகர் கூட்டம் உண்டு. அங்கே ‘தடை வேண்டாம், யாரும் எங்கும் போகலாம்’ என்று முழங்கினால், அந்த முழக்கத்தின் பலன் சிறுவனுக்கன்று, தரகனுக்கே! 18 வயது நிரம்பாதவரை, சில விலக்குகள் தவிர, நாடுவிட்டு நாடு மாற்றக்கூடாது என்று 2001இல் விதி வந்தது. அதை மீறியதற்காகப் பார்சலோனா போன்ற பெருங்கழகமே 2014இல் தண்டனை பெற்றது. இதுவும் தடைதான். ஆனால் இது காலைக் கட்டும் விலங்கன்று. பயிரைக் காக்கும் வேலி.

வேலியைக் கண்டால் விலங்கு என்று கூச்சலிடும் சீமான்களும் உண்டு. 2013இல் பிரான்சு அரசு, ஆண்டுக்குப் பத்து இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட ஊதியப் பகுதிக்கு, ஊதியம் கொடுப்பவர்மீது 75 விழுக்காடு வரி விதிக்கத் திட்டமிட்டது. பந்தாட்டக் கழகங்கள், ஆட்டங்களை நிறுத்துவோம் என்று எச்சரித்தன, பின்னர்ப் பின்வாங்கின. ஈராண்டு ஊதியங்களோடு அந்த வரியும் முடிந்தது. அளவு கூடுதலா குறைவா என்று வாதிடலாம், வாதிட வேண்டும். ஆனால் வரி என்பது, போகாதே என்று காலைப் பிடிப்பதன்று. நடந்து வந்த பாதையைச் செப்பனிடப் பங்கு கேட்பது. ஆட்டக்காரனை விலைச்சரக்காக வைத்து ஆண்டவர்கள், வரிச்சீட்டைக் கண்டதும் உரிமை, உரிமை என்று உருகுவது நல்ல நகைச்சுவை!

* * *

அப்படியானால் நாட்டுப்பற்று வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அது எப்படி மலரும் என்பதற்கும் பந்தாட்டமே சான்று தருகிறது. 1958 ஏப்ரல். அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்த காலம். பிரெஞ்சுக் கழகங்களில் புகழோடும் பொருளோடும் ஆடிவந்த ரஷீத் மெக்லூஃபி, முஸ்தஃபா ஜிதூனி முதலிய அல்ஜீரியர்கள், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எல்லை கடந்து, துனிஸ் நகரம் சேர்ந்தனர். உலகக் கோப்பையில் பிரான்சுக்காக ஆடும் வாய்ப்பு எதிரே நின்றது, உதறித் தள்ளினர். விடுதலை முன்னணியின் அணியாக, இன்னும் பிறக்காத தம் நாட்டின் பெயரால் நாடு நாடாகச் சென்று ஆடினர். ஃபிஃபா அந்த அணியை ஏற்கவில்லை. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. மெக்லூஃபி மீண்டும் பிரான்சின் சேந்த் எத்தியேன் கழகத்துக்கே சென்று ஆடினார். புதிய நாடு அவரைத் துரோகி என்று துரத்தவில்லை.

புஷ்காஷ் அரசைவிட்டு எல்லை தாண்டினார். மெக்லூஃபி நாட்டைத் தேடி எல்லை தாண்டினார். போகும் உரிமை இருவருக்கும் ஒன்றே. அந்த உரிமை இருந்தால்தான், ஒருவன் தங்குவதற்கும் திரும்புவதற்கும் பொருள் உண்டு. கதவைப் பூட்டி வைத்துவிட்டு, வீட்டிலேயே இருக்கிறான் பார், எவ்வளவு பாசம் என்று மெச்சிக்கொள்வது பேதைமை.

ஆகவே தோழர்களே, ‘அரசு வேண்டுமா, வேண்டாமா?’ என்று மொத்தமாகக் கேட்டு ஏமாற வேண்டாம். ஒவ்வொரு விதியையும், அது கோட்டையிலிருந்து வந்தாலும் சரி, கழக முதலாளியின் மாளிகையிலிருந்து வந்தாலும் சரி, தனித்தனியே நிறுத்திக் கேளுங்கள்: நீ யாரைக் காக்கிறாய்? நடப்பவனையா, பிடிப்பவனையா? எளியவனைக் காப்பதென்றால் நீ வேலி. உன்னை இன்னும் உயர்த்திக் கட்டுவோம். வலியவனின் பிடியைக் காப்பதென்றால் நீ விலங்கு. பொன்னால் செய்திருந்தாலும் உடைப்போம்!

தொடக்கத்தில் கேட்ட உரையாடலுக்கு, இனி நாம் முடிவு எழுதலாம்.

“உனக்குச் சோறு போட்டது யார்?”

“போட்ட சோற்றுக்குக் கணக்குச் சொல், கொடுத்துவிடுகிறேன். பாதை போட்ட ஊருக்கு வரி கேள், செலுத்துகிறேன். நாடு அழைக்கிறதா? என் விருப்பத்தோடு வருகிறேன். ஆனால் இந்தக் கால்கள் இருக்கின்றனவே, இவை என்னுடையவை!”